உடம்பு என்னும் பாடநூல்

மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு சேர்ந்த ஒரு மாணவியின் கையில் தொடை எலும்பு ஒன்றைக் கொடுக்கிறார் ஆசிரியர். "இது வலது காலுடையதா, இடது காலுடையதா? சொல் பார்ப்போம்" என்கிறார். மாணவி திகைத்து நிற்கிறாள். "மனித உடலில் 206 எலும்புகள் உள்ளன" என்று பள்ளித் தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள்தான் அவள். ஆனால் ஒரே ஓர் எலும்பு கைக்கு வந்ததும் அந்த எண் அவளுக்குத் துணைக்கு வரவில்லை.

எலும்பைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். ஒரு முனையில் பந்துபோல் உருண்ட தலை இருக்கிறது. இடுப்பெலும்பின் குழிக்குள் பொருந்துவது அதுதான். ஆகவே அது மேல்முனை. இடுப்புக் குழி உடலின் நடுப்பக்கம் இருப்பதால் அந்தத் தலையும் உட்பக்கம் நோக்கியே இருக்க வேண்டும். தண்டின் ஒரு பக்கத்தில் மட்டும் நீளவாக்கில் சொரசொரப்பான மேடு ஒன்று ஓடுகிறது. தசைகள் இறுகப் பற்றிக்கொள்ளும் இடம் அது, அது பின்பக்கம். மேல், உள், பின் ஆகிய மூன்று திசைகளும் தெரிந்துவிட்டன. எலும்பைத் தன் தொடையருகே வைத்துப் பார்க்கிறாள். "வலது கால், ஐயா!" என்று சொல்லிவிடுகிறாள்.

அவள் அதை மனப்பாடம் செய்து சொல்லவில்லை. எலும்பைக் கேள்வி கேட்டாள். எலும்பு பதில் சொன்னது. கல்லூரியில் உடம்பைப் படிப்பது என்பது இப்படித்தான் தொடங்குகிறது.

இரண்டு பாடங்கள், ஒரே உடம்பு

மருத்துவம், செவிலியர் படிப்பு, இயன்முறை மருத்துவம் என எதில் சேர்ந்தாலும் முதலாண்டில் இரண்டு பாடங்களைச் சந்தித்தே ஆக வேண்டும். ஒன்று உடற்கூற்றியல். உடலில் எது எங்கே இருக்கிறது, எதனோடு சேர்ந்திருக்கிறது என்று சொல்வது அது. மற்றொன்று உடலியங்கியல். அந்த உறுப்பு எப்படி வேலை செய்கிறது என்று விளக்குவது. புத்தகங்கள் வேறு, வகுப்பறைகள் வேறு. ஆனால் உடம்பு ஒன்றுதான்.

இதை உங்கள் கையிலேயே கண்டுகொள்ளலாம். வலது முன்கையை மேசைமேல் வையுங்கள். முழங்கைக்குச் சற்றுக் கீழே, சதைப்பிடிப்பான பகுதியை இடது கையால் இலேசாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இப்போது வலது கை விரல்களை மடக்கி நீட்டுங்கள். அசைவது விரல்கள், ஆனால் உங்கள் இடது கைக்குள் ஏதோ நெளிகிறது அல்லவா? விரல்களை மடக்கும் பெரிய தசைகள் விரல்களில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து நீண்ட தசைநாண்கள் மணிக்கட்டைத் தாண்டிச் சென்று விரல் எலும்புகளை இழுக்கின்றன. பொம்மலாட்டக்காரர் திரைக்குப் பின்னால் நின்று நூலை இழுப்பதுபோல!

ஏன் இந்த ஏற்பாடு? அத்தனை தசைகளும் விரல்களிலேயே இருந்தால் விரல்கள் வாழைக்காய்போல் தடித்துவிடும். ஊசியில் நூல் கோக்க முடியாது. வலிமை தரும் தசை தொலைவில் இருப்பதால்தான் விரல் மெலிந்து, நுட்பமாக வேலை செய்ய முடிகிறது. 'எங்கே' என்ற கேள்விக்கு உடற்கூற்றியல் பதில் சொன்னது. 'எதனால் இப்படி' என்று கேட்டவுடன் நாம் உடலியங்கியலுக்குள் நுழைந்துவிட்டோம்.

206 என்பது எப்படி வந்தது?

அந்த 206 என்ற எண்ணையும் சற்றுக் கேள்வி கேட்போம். பிறந்த குழந்தையின் உடலில் ஏறத்தாழ 300 எலும்புத் துண்டுகள் இருக்கின்றன. அவற்றில் பல இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். வளர வளரப் பல துண்டுகள் ஒன்றோடொன்று இணைந்துவிடுகின்றன. முதுகெலும்புத் தொடரின் அடியில் தனித்தனியாக இருந்த ஐந்து முள்ளெலும்புகள் சேர்ந்து ஒரே திரிக எலும்பாக மாறுவது இதற்கு ஓர் உதாரணம். இப்படி இணைந்து முடிந்த பிறகு எண்ணினால்தான் 206.

பழைய இந்திய மருத்துவ நூலான சுசுருத சம்ஹிதை எலும்புகள் 300 என்கிறது. சரக சம்ஹிதை 360 என்கிறது. பற்களும் எலும்பின் வகையாகவே அக்காலத்தில் எண்ணப்பட்டன. சுசுருதர் குருத்தெலும்பையும், சரகர் நகங்களையும் சேர்த்துக்கொண்டனர். எதை எலும்பு என்று கொள்கிறோம் என்பதைப் பொறுத்து எண்ணும் மாறுகிறது. எந்த எண்ணைப் படித்தாலும் 'எதை எண்ணினார்கள்? எப்போது எண்ணினார்கள்?' என்று கேட்பது நல்ல பழக்கம்.

இன்னொரு கணக்கு. ஒரு கையில், மணிக்கட்டு முதல் விரல் நுனிவரை, 27 எலும்புகள். ஒரு பாதத்தில் 26. இரு கைகளும் இரு பாதங்களும் சேர்ந்தால் 106. அதாவது உடலின் எலும்புகளில் பாதிக்கும் மேற்பட்டவை இந்த நான்கு சிறு இடங்களில்தான் இருக்கின்றன! பற்றவும் எழுதவும் மேடுபள்ளத்தில் நடக்கவும் வளைந்து கொடுக்கும் அமைப்பு வேண்டும். பல சிறு எலும்புகளும் பல மூட்டுகளும் இருந்தால்தான் அது முடியும்.

நூல் சொல்வதா, கண் காண்பதா?

உடம்பைப் படித்தவர்களின் வரலாற்றில் ஒரு பெரிய எச்சரிக்கை அடங்கியிருக்கிறது.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ரோமப் பேரரசில் வாழ்ந்தவர் காலென் என்ற கிரேக்க மருத்துவர். மிகச் சிறந்த ஆராய்ச்சியாளர். ஆனால் மனித உடலை அறுத்துப் பார்க்க அக்காலத்தில் அனுமதி இல்லை. எனவே குரங்கு, பன்றி முதலிய விலங்குகளை அறுத்துப் பார்த்து, அவற்றில் கண்டதை மனிதருக்கும் பொருத்தி எழுதினார். கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்றார். சில விலங்குகளில் அப்படித்தான் இருக்கிறது. வளர்ந்த மனிதரில் அது ஒரே எலும்பு. இதயத்தின் இரு கீழறைகளுக்கும் நடுவே உள்ள சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருப்பதாகவும் அவற்றின் வழியே இரத்தம் கசிவதாகவும் சொன்னார். அப்படித் துளைகளே இல்லை.

தவறு செய்யாத அறிஞர் யார்? அதில் குற்றமில்லை. ஆனால் ஐரோப்பிய மருத்துவக் கூடங்களில் 1,300 ஆண்டுகளுக்கு மேல் அந்த நூல்களே இறுதித் தீர்ப்பாக இருந்தன. பேராசிரியர் உயரமான இருக்கையில் அமர்ந்து காலெனின் நூலை வாசிப்பார். கீழே வேறொருவர் கத்தியைப் பிடித்து உடலை அறுப்பார். படித்தவர் பார்க்கவில்லை, பார்த்தவர் படிக்கவில்லை!

இந்த முறையை மாற்றியவர்களில் முதன்மையானவர் ஆண்ட்ரியாஸ் வெசாலியஸ். 1514ல் பிரஸ்ஸல்ஸ் நகரில் பிறந்த அவர், இத்தாலியின் பாதுவா பல்கலைக்கழகத்தில் 1537ல் ஆசிரியரானார். அவர் இருக்கையை விட்டு இறங்கி வந்தார். கத்தியைத் தாமே பிடித்தார். மாணவர்களை அருகே அழைத்துக் காட்டினார். 1543ல் 'மனித உடலின் அமைப்பு' பற்றிய அவருடைய பெருநூல் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 28. கீழ்த்தாடை ஒரே எலும்புதான் என்பது உள்ளிட்ட பல திருத்தங்கள் அதில் இருந்தன.

ஒன்றைக் கவனியுங்கள். இதயச் சுவரில் துளை எதுவும் வெசாலியஸின் கண்ணுக்குப் படவில்லை. ஆயினும் முதல் பதிப்பில் அதை அவர் வெளிப்படையாக மறுக்கவில்லை. 1555ல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் தம் ஐயத்தைத் தெளிவாக எழுதினார். துணிச்சல்காரரான அவருக்கே 12 ஆண்டுகள் தேவைப்பட்டன! இத்தனைக்கும் 13ஆம் நூற்றாண்டிலேயே இப்ன் அல்-நஃபீஸ் என்ற அரபு மருத்துவர், 'அந்தச் சுவரில் துளை இல்லை. இரத்தம் நுரையீரல் வழியாகத்தான் இடப்பக்கம் வருகிறது' என்று எழுதியிருந்தார்.

ஒரு பெருக்கல் கணக்கு

துளை இல்லை என்றால் இரத்தம் எங்கே போகிறது? இதற்கு முழு விடை கண்டவர் வில்லியம் ஹார்வி. இங்கிலாந்துக்காரர், வெசாலியஸ் கற்பித்த அதே பாதுவாவில் பின்னாளில் படித்தவர். உணவிலிருந்து ஈரலில் புதிது புதிதாக இரத்தம் உண்டாகிறது, உறுப்புகள் அதை உறிஞ்சித் தீர்த்துவிடுகின்றன என்பதே அதுவரை இருந்த கொள்கை. ஹார்வி அதை ஒரு பெருக்கல் கணக்கால் வீழ்த்தினார்.

இன்றைய அளவுகளைக் கொண்டு நாமும் அந்தக் கணக்கைப் போடுவோம். ஓய்வாக இருக்கும்போது ஒரு துடிப்புக்கு இதயம் ஏறத்தாழ 70 மில்லிலிட்டர் இரத்தத்தைத் தமனிக்குள் தள்ளுகிறது. நிமிடத்திற்கு 72 துடிப்புகள் என்று கொண்டால், 70 × 72 = 5,040 மில்லிலிட்டர்; அதாவது நிமிடத்திற்கு 5 லிட்டர். மணிக்கு 300 லிட்டர். ஒரு நாளைக்கு 7,200 லிட்டருக்கு மேல். 15 லிட்டர் கொள்ளும் தண்ணீர்க் குடத்தால் அளந்தால் 480 குடம்!

இவ்வளவு இரத்தமும் தினந்தோறும் நாம் உண்ணும் உணவிலிருந்து புதிதாக உண்டாக முடியுமா? முடியவே முடியாது. ஹார்வி மிகக் குறைந்த அளவுகளையே எடுத்துக்கொண்டு கணக்கிட்டார். அப்போதும் விடை நம்ப முடியாத அளவுக்குப் பெரிதாகவே வந்தது. ஆகவே ஒரே இரத்தம்தான் மீண்டும் மீண்டும் சுற்றிவர வேண்டும். வளர்ந்த ஒருவர் உடலில் உள்ள இரத்தமே ஏறத்தாழ 5 லிட்டர்தான். ஒரு நிமிடத்தில் இதயத்தின் வழியே செல்லும் அளவும் அதுவே.

ஹார்வி காட்டிய மற்றொரு சான்றை நீங்களே செய்து பார்க்கலாம். கையைத் தொங்கவிட்டால் புறங்கையிலும் முன்கையிலும் பச்சைநிறச் சிரைகள் புடைத்துத் தெரியும். நேராகச் செல்லும் ஒரு சிரையை, விரல்களுக்கு அருகில் உள்ள ஓரிடத்தில் ஒரு விரலால் அழுத்திக்கொள்ளுங்கள். இன்னொரு விரலால் அங்கிருந்து முழங்கைப் பக்கமாகச் சிரையை வழித்துவிட்டு அந்த விரலை எடுத்துவிடுங்கள். சிரை காலியாகத் தெரியும். வழியில் ஒரு தடுக்கிதழ் இருந்தால் மேலேயிருந்து இரத்தம் திரும்பி வராது. இப்போது அழுத்திய விரலையும் எடுங்கள். கீழேயிருந்து சட்டென்று நிரம்பும்! சிரைக்குள் உள்ள தடுக்கிதழ்கள் இதயத்தை நோக்கி மட்டுமே இரத்தத்தை விடுகின்றன. அந்த இதழ்களைக் கண்டு விளக்கி எழுதியவர் பாதுவாவில் ஹார்வியின் ஆசிரியராக இருந்த ஃபாப்ரீசியஸ். அவை எதற்காக என்று சரியாகச் சொன்னவர் மாணவர் ஹார்வி.

1628ல் ஹார்வியின் நூல் வெளிவந்தது. தமனியிலிருந்து சிரைக்கு இரத்தம் எந்த வழியாகச் செல்கிறது என்பதை அவரால் காட்ட முடியவில்லை. அவரிடம் போதிய உருப்பெருக்கி இல்லை. அவர் இறந்து 4 ஆண்டுகள் கழித்து, 1661ல் மால்பீகி என்ற இத்தாலியர் தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் பார்த்து அந்த நுண்குழாய்களைக் கண்டார். வழி இருந்தே தீர வேண்டும் என்று கணக்கு முதலில் சொன்னது. கண் பிறகுதான் பார்த்தது.

மூச்சை இழுக்கச் சொல்வது யார்?

உடலியங்கியல் சில சமயம் உயிரையே காக்கும் பாடம். இதோ ஓர் உதாரணம்.

மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தால் சிறிது நேரத்தில் தாங்க முடியாத தவிப்பு ஏற்படுகிறது. ஆக்சிஜன் குறைவதால்தான் இந்தத் தவிப்பு என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இரத்தத்தில் கரியமில வாயு கூடுவதுதான் முதன்மையான காரணம். ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற பிரிட்டிஷ் உடலியங்கியல் அறிஞரும் பிரீஸ்ட்லி என்பவரும் 1905ல் இதை நிறுவினர்.

இப்போது கிணற்றிலோ குளத்திலோ போட்டிபோட்டு மூழ்கும் ஒரு பையனை நினைத்துக்கொள்ளுங்கள். நெடுநேரம் அடியில் இருக்க வேண்டும் என்ற ஆசையில், குதிப்பதற்கு முன் வேகவேகமாகப் பலமுறை மூச்சை இழுத்து விடுகிறான். இதனால் அவன் இரத்தத்தில் ஆக்சிஜன் அதிகம் கூடுவதில்லை. அது முன்பே ஏறத்தாழ முழு அளவில் இருக்கிறது. ஆனால் கரியமில வாயு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அதாவது, எச்சரிக்கை மணியின் நாக்கை அவனே கழற்றிவிட்டான்! நீருக்கடியில் ஆக்சிஜன் தீர்ந்துகொண்டே வருகிறது. தவிப்போ வரவில்லை. முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் மயக்கம் வந்துவிடுகிறது. நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இப்படி இறந்திருக்கிறார்கள். நண்பர்கள் யாராவது இப்படிச் செய்தால் தடுத்துவிடுங்கள்.

இந்த ஹால்டேனின் மகன் ஜே.பி.எஸ். ஹால்டேனும் விஞ்ஞானி. தம் உடம்பையே ஆய்வுக்கூடமாக்கியவர். இரத்தத்தில் அமிலத்தன்மை கூடினால் மூச்சு என்ன ஆகும் என்று பார்க்க, அம்மோனியம் குளோரைடு கரைசலைத் தாமே குடித்து மூச்சு வாங்கினார். 1939ல் தீட்டிஸ் என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கி 99 பேர் இறந்த பின், மிகுந்த அழுத்தமுள்ள காற்றறைக்குள் தாமே அடைபட்டு, தப்பிக்கும் வழிகளை ஆராய்ந்தார். தேர்ந்த விஞ்ஞானிகள் தகுந்த ஏற்பாடுகளுடன் செய்தவை இவை. நாம் செய்து பார்க்க வேண்டியவை நாடி எண்ணுவதும் சிரையை அழுத்துவதுமே!

1957ல் ஜே.பி.எஸ். ஹால்டேன் இந்தியாவுக்குக் குடிவந்தார். இந்தியக் குடிமகனும் ஆனார். 1964 டிசம்பர் 1ஆம் தேதி புவனேசுவரத்தில் காலமானார். அவர் எழுதிவைத்த விருப்பப்படி அவருடைய உடல் ஆந்திரத்தின் காக்கிநாடாவில் உள்ள ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுசெல்லப்பட்டது. வாழ்ந்தபோது உடலியங்கியலுக்குக் கொடுத்த உடம்பை, இறந்தபின் உடற்கூற்றியலுக்குக் கொடுத்தார்.

பேசாத ஆசிரியர்

கூறாய்வுக் கூடத்தில் மேசைமேல் கிடத்தப்பட்டிருக்கும் உடல்தான் முதலாண்டு மாணவரின் முதல் ஆசிரியர். முன்காலத்தில் இந்த ஆசிரியர்கள் நல்ல வழியில் வரவில்லை. ஐரோப்பாவில் தூக்கிலிடப்பட்டவர்களின் உடல்கள் வந்தன. அவை போதாதபோது கல்லறைகள் தோண்டப்பட்டன. எடின்பரோ நகரில் பர்க், ஹேர் என்ற இருவர் உடல்களை விற்பதற்காகவே 16 பேரைக் கொன்றது 1828ல் வெளியாயிற்று. அதன்பின் 1832ல் பிரிட்டனில் இதற்கெனச் சட்டம் வந்தது.

நம் நாட்டில் தடை வேறுவிதம். இறந்த உடலைத் தொடுவதே தீட்டு என்ற எண்ணம் ஆழமாக இருந்தது. 1836ல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் ஆயுர்வேதம் படித்த மதுசூதன் குப்தா துணிந்து கத்தியை எடுத்தார். அது இந்திய மருத்துவக் கல்வியில் ஒரு திருப்பம்.

இன்று தாமாகவே உடலைத் தானமாக எழுதிவைப்பவர்கள் இருக்கிறார்கள். கூறாய்வு தொடங்கும் முன், அந்த உடலை மரியாதையுடன் நடத்துவோம் என்று பல கல்லூரிகளில் மாணவர்கள் உறுதிமொழி எடுத்துக்கொள்கிறார்கள். புத்தகப் படத்தில் நரம்பு மஞ்சள், தமனி சிவப்பு, சிரை நீலம் என்று எல்லாம் அழகாக இருக்கும். மேசைமேல் உள்ள உடலில் அவை அப்படி நிறம் பிரித்துக் காட்டுவதில்லை. இரத்தக் குழாய் ஒருவருக்கு ஓரிடத்தில் கிளைத்தால் இன்னொருவருக்குச் சற்றுத் தள்ளிக் கிளைக்கிறது. நாளை அறுவை மருத்துவராகப் போகும் ஒருவருக்கு இந்த வேறுபாட்டை அந்தப் பேசாத ஆசிரியரைப் போல யாராலும் கற்பிக்க முடியாது.

பெயர்களுக்கு அஞ்ச வேண்டாம்

"எத்தனை பெயர்கள்! எல்லாம் வாயில் நுழையாதவை!" என்பது முதலாண்டு மாணவர்களின் பொதுவான புலம்பல். இந்தப் பெயர்கள் பெரும்பாலும் கிரேக்க, இலத்தீன் சொற்களின் சேர்க்கை. பிரித்துப் பார்த்தால் அச்சம் போய்விடும். 'பெரி' என்றால் சுற்றி. 'கார்டியா' என்றால் இதயம். பெரிகார்டியம் என்பது இதயத்தைச் சுற்றியுள்ள உறை. 'ஆஸ்டியோ' எலும்பு, 'ஆர்த்ரோ' மூட்டு, 'ஐடிஸ்' என்று முடிந்தால் அழற்சி. அப்படியானால் ஆர்த்ரைடிஸ் என்றால் என்ன? நீங்களே சொல்லிவிடுவீர்கள். முப்பது நாற்பது வேர்ச்சொற்களைக் கற்றால் நூற்றுக்கணக்கான பெயர்கள் தாமே திறந்துகொள்ளும்.

இந்தப் பாடங்களைத் தமிழிலேயே கற்பித்த வரலாறும் உண்டு. 1847ல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மானிப்பாயில் தமிழ் வழியில் மருத்துவம் கற்பித்தார். தம் மாணவர்களோடு சேர்ந்து ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழாக்கி அச்சிட்டார். உடற்கூற்றியலுக்கு 'அங்காதிபாதம்' என்றும் உடலியங்கியலுக்குச் 'சுகரணம்' என்றும் அந்நூல்களில் பெயர். சொற்கள் பின்னர் மாறிவிட்டன. ஆனால் தாய்மொழியில் விளங்கிக்கொண்ட உடம்பு மறக்காது என்பது மாறவில்லை.

இன்னும் எழுதி முடியாத நூல்

உடம்பைப் பற்றி எல்லாம் கண்டுபிடித்தாகிவிட்டது, இனிப் படிப்பது மட்டும்தான் பாக்கி என்று எண்ண வேண்டாம். மூளைப் பகுதியில் நிணநீர்க் குழாய்கள் இல்லை என்றே பாடநூல்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன. 2015ல் அமெரிக்காவிலும் பின்லாந்திலும் இரண்டு ஆய்வுக் குழுக்கள், எலிகளின் மூளையுறையில் அந்தக் குழாய்கள் இருப்பதைக் காட்டின. 2017ல் மனிதரிலும் அவை இருப்பதற்குச் சான்று கிடைத்தது. பாடநூல் திருத்தப்பட்டது. காலென் காலத்துத் தவறு 1,300 ஆண்டுகள் நின்றது. இன்று அப்படி நிற்காததற்குக் காரணம், நூலையும் பார்ப்போம், உடம்பையும் பார்ப்போம், இரண்டும் ஒத்துவராவிட்டால் மீண்டும் பார்ப்போம் என்ற பழக்கம்தான்.

அந்தப் பழக்கத்தைத் தொடங்கக் கல்லூரிக்குப் போகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. படத்தைப் பார்த்து மூடிவிட்டு, நினைவிலிருந்து வரைந்து பாருங்கள். படித்த எலும்பை உங்கள் உடலில் தொட்டுத் தேடுங்கள். படித்ததைத் தம்பிக்கோ தங்கைக்கோ சொல்லிப் பாருங்கள். எங்கே தடுமாறுகிறீர்களோ அங்கேதான் இன்னும் விளங்கவில்லை. ஒவ்வோர் உறுப்பிடமும் 'எங்கே இருக்கிறாய்? என்ன செய்கிறாய்? நீ நின்றுவிட்டால் என்ன ஆகும்?' என்ற மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

முதலில் ஒன்று செய்யுங்கள். மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கம், இரு விரல்களை வைத்து ஒரு நிமிடம் நாடியை எண்ணுங்கள். அந்த எண்ணை 70 ஆல் பெருக்குங்கள். நீங்கள் வளரும் வயதினர். ஆகவே விடை தோராயமானதுதான். ஆனாலும் 1628ல் ஒரு பழைய கொள்கையைச் சாய்த்த கணக்கை நீங்களும் போட்டுவிட்டீர்கள்!